பழங்குடியினர் வீடுகள்: வரைபடத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருக்கும் வாண்டா டல்லா கோஸ்டாவின் பணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதை மண் வீட்டுக்குத் திரும்புவதற்கான அழைப்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிமென்டைக் கைவிட வேண்டும், தாத்தா காலத்து வீடுகளே குளிர்ச்சியானவை, ஓலைக்கூரைக்கு இணையில்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரத்தில் ஊரக வளர்ச்சிப் பணிகளில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாக மறுமொழி சொல்ல விரும்புகிறேன். அந்தப் பேராசிரியரின் பணியில் கட்டுமானப் பொருளுக்கு இரண்டாவது இடம்தான். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களிடம், வரைபடம் போடுவதற்கு முன்பே போய்க் கேட்பதுதான் அதில் முதலாவது. நமது மலைக் குடியிருப்புகளுக்கு வீடு கட்டித் தரும் திட்டங்களில் இல்லாமல் போனதும் அதுதான்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த சாடில் லேக் கிரீ என்ற பூர்வகுடிச் சமூகத்தில் பிறந்தவர் அவர். கனடாவின் பூர்வகுடிப் பெண்களில் முதன்முதலாகப் பதிவுபெற்ற கட்டடக்கலைஞர் என்று அறியப்படுகிறார். 2018இல் வெனிஸ் நகரில் நடந்த பன்னாட்டுக் கட்டடக்கலைக் கண்காட்சியில் கனடாவின் சார்பில் டக்ளஸ் கார்டினல் தலைமையில் பங்கேற்ற 18 பூர்வகுடி வடிவமைப்பாளர்களுள் இவரும் ஒருவர். இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆயினும், அரிசோனாவில் இவர் நடத்திவரும் பூர்வகுடி வடிவமைப்புக் கூட்டமைப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாநிலத்தில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பூர்வகுடிகள் மட்டும் 22. மாணவர்கள், ஆசிரியர்கள், கட்டுமானத் தொழிலில் இருப்பவர்கள் ஆகியோரை அக்குடிகளின் மக்களோடு சேர்த்து உட்காரவைத்து, அவர்கள் கேட்கும் கட்டடத்தை அவர்களோடு சேர்ந்தே வடிவமைப்பது அக்கூட்டமைப்பின் வேலை. சமூகமே முன்னின்று நடத்த வேண்டும், வடிவமைக்க வருபவர்கள் அந்தச் சமூகத்துக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர்கள், முடிந்த கட்டடத்துக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு அது உருவான விதத்துக்கும் உண்டு, அந்த மண்ணை விட்டு வடிவம் விலகக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். பழங்குடிப் பாணி என்ற பெயரில் முகப்பில் ஓர் ஓவியத்தையும் வாசலில் ஒரு மரத்தூணையும் வைத்துவிட்டு உள்ளே வழக்கமான கட்டடத்தையே கட்டிவைக்கும் வேலைக்கும் இதற்கும் வெகுதூரம்.

இத்தகைய பணி ஒரு பேராசிரியரின் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்கான வீடுகள் நெடுங்காலம் புறநகர் வீடுகளின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. பாலைவனத்துக்கும் பனிப் பிரதேசத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வரைபடம். 1996இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பூர்வகுடி வீட்டுவசதிக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றி, பணத்தை மொத்தமாக அந்தந்தக் குடியின் நிர்வாகத்திடம் கொடுத்து, எங்கே, எப்படி, யாருக்குக் கட்டுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டது. அந்தச் சட்டத்தால் எல்லாக் குறைகளும் தீர்ந்துவிடவில்லை, நிதி போதவில்லை என்ற குரல் அங்கே இன்றும் ஓயவில்லை. இருந்தும், முடிவெடுப்பவர் யார் என்பது மாறிய பிறகுதான் வடிவமைப்பாளர்கள் அந்த மக்களின் வாசலில் போய் உட்கார வேண்டிய தேவையும் வந்தது.

மண்ணும் சுண்ணாம்பும் மட்டுமே போதும் என்று நினைப்பவர்களுக்கு எகிப்தின் ஹசன் ஃபாத்தியை நினைவூட்ட விரும்புகிறேன். அவரும் கட்டடக்கலைப் பேராசிரியர், கெய்ரோவின் நுண்கலைக் கல்லூரியில் கற்பித்தவர். சாரமோ பலகையோ முட்டுக்கொடுக்காமல் சுடாத பச்சைச் செங்கல்லாலேயே வளைகூரை எழுப்பும் கலை தெரிந்த நூபியக் கொத்தனார்களை அஸ்வான் பகுதியிலிருந்து அழைத்துவந்து, 1940களின் பிற்பாதியில் லக்சர் நகருக்கு எதிர்க்கரையில் புதிய குர்னா என்ற கிராமத்தையே கட்டத் தொடங்கினார். கோடையில் குளிர்ந்து, பார்வைக்கும் அழகாக, செலவும் குறைவாக அமைந்த வீடுகள் அவை. ஆனால், பழைய குர்னாவின் மக்கள் அங்கே குடிபெயர மறுத்துவிட்டார்கள். பண்டைய கல்லறைகளின் மேல் அமைந்த பழைய ஊரை ஒட்டியே அவர்களின் பிழைப்பு இருந்தது. அங்கிருந்து அவர்களைக் கிளப்புவது அரசின் முடிவு. கிராமம் பாதியிலேயே நின்றது. உலகம் முழுவதும் கட்டடக்கலை மாணவர்கள் படித்துப் போற்றும் ஃபாத்தியின் கையில் கிடைத்த நல்ல மண்ணுக்கே இந்தக் கதி என்றால், கேட்காமல் கட்டும் கான்கிரீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பேச்சிப்பாறை அணைக்கு மேலேயும், எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அகத்தியமலை அடிவாரங்களிலும் காணி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தச்சமலை, தோட்டமலை போன்ற குடியிருப்புகளுக்குச் செல்ல இன்றும் நீர்த்தேக்கத்தைப் படகில் கடக்க வேண்டும். மூங்கிலாலும் அதன் இனமான நாணலாலும் தட்டி பின்னிச் சுவராக்கி, இலை வேய்ந்து கட்டிய குடில்களும், யானையும் பன்றியும் விளைச்சலில் இறங்காமல் இரவில் காவலிருக்க மரத்தின் மேல் கட்டிய ஏறுமாடங்களும் இவர்களின் கட்டுமான அறிவுக்குச் சான்றுகள். இப்போது பெரும்பாலான இடங்களில் அரசுத் திட்ட வீடுகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றை நான் பார்த்தவாறே சொல்கிறேன்.

கான்கிரீட் கூரை போட்ட அந்த வீட்டின் முன்னறையில் கொடி கட்டி ரப்பர் ஷீட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. மூலையில் நல்லமிளகு, அதாவது கருமிளகு, மூட்டைகள், ஜன்னல் திண்டில் பள்ளிப் பிள்ளையின் புத்தகங்கள். சமையலறை என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த இடத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்புறம் மூங்கில் தட்டியால் ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தது. குடும்பம் உண்பதும், மழைக்காலத்தில் உறங்குவதும் அங்கேதான். நடுவில் மூன்று கல் அடுப்பு, அதற்கு நேர்மேலே கரிபிடித்துப் பளபளத்த மூங்கில் பரண். பரணில் விதைக்கான இஞ்சியும் மஞ்சளும், ஒரு கூடையில் பாக்கும், இலையில் பொதிந்து கட்டிய பயறு விதைகளும் இருந்தன. வீட்டுக்குள் ஏன் அடுப்பு வைக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "சாறே, அந்தச் சிமெண்டு வீட்டுல தீ மூட்டினா பொக போவ வழி இல்ல, கண்ணு எரியும். வித்த எங்க கெட்டித் தூக்கது?" என்றார். அடுப்பின் புகை அந்த வீட்டில் வீணாகப் போகும் பொருளன்று. விதையை வண்டு அண்டாமல் காப்பதும், கூரை மூங்கிலைத் துளைபூச்சியிடமிருந்து காப்பதும், ஆண்டில் இரு பருவமழையும் கொட்டும் இம்மலையில் ஈரத்தை உலர்த்துவதும் அந்தப் புகைதான். எரிவாயு இணைப்பு உண்டு. சிலிண்டர் படகில் வர வேண்டும்.

அந்த வீட்டை ஒப்பளித்த அலுவலகத்தின் கோப்பில் அடித்தள ஆழம், கம்பியின் விட்டம், பூச்சின் கனம் எல்லாம் பதிவாகியிருக்கும். அடுப்பு எங்கே எரியும், விதை எங்கே தொங்கும் என்பதைக் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத கேள்வியைக் கேட்டுக் கோப்பைத் தாமதப்படுத்த எந்த ஊழியரும் முன்வர மாட்டார். ஊழியர்களைக் குறைசொல்வதில் பயனில்லை, மாற வேண்டியது படிவம்.

குடிசையைப் புகழ்ந்து கடிதம் எழுதிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் கூரை மாற்றுவது எவ்வளவு உழைப்பு என்பதும், ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதும், ஒக்கி புயல் 2017 நவம்பர் இறுதியில் இம்மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட இரவில் ஓலைக்கூரைக்குக் கீழே இருப்பது எப்படிப்பட்டது என்பதும் அங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் கெட்டியான வீட்டையே கேட்கிறார்கள். கேட்பது நியாயம். கான்கிரீட் வீட்டில் அவர்களுக்குப் பிடித்தமானவையும் உண்டு. நான் பேசிய குடும்பங்களில் பலர் முதலில் சொன்னது மொட்டைமாடியை. நல்லமிளகும் பாக்கும் காயப்போட முன்பு பாறையைத் தேடிப் போக வேண்டியிருந்ததாம், இப்போது கூரையே களமாகிவிட்டதாம். கட்டடக்கலையைப் பற்றி நிறையப் படித்த ஒருவர், மலைக்குச் சாய்கூரையே ஏற்றது, தட்டைக்கூரை கூடவே கூடாது என்று இங்கே வந்து வாதிட்டிருக்கக்கூடும். காயப்போடும் இடமாக மொட்டைமாடியும், புகை வெளியேறும் தனிச் சாய்ப்பாக அடுக்களையும் வேண்டும் என்ற விடை அவர்களைக் கேட்டால்தான் கிடைக்கும்.

அந்த விடைக்குத் திட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 2030க்குள் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் வீடுகள் கட்டும் நோக்கத்தோடு 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி, உதவித்தொகை 3.5 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். அந்த 60 சதுர அடிதான் நான் பார்த்த பின்புறச் சாய்ப்பு! ஓடு வேய்ந்து, உச்சியில் புகைபோக வாய் விட்டு, பரணுக்குக் குறுக்குச் சட்டம் வைத்துக் கட்டினால் அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. பழங்குடியினருக்கான பிற திட்டங்களிலும் இதுபோன்ற நெகிழ்வுக்கு இடம் தரலாம்.

பொருளைப் பற்றி இப்போது பேசலாம். நமது எல்லையோரத்துக்கு இதில் கூச்சப்பட எதுவுமில்லை. திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் 1970களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் தக்கலையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்து, ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற அவர் கருத்தை வாழ்நாள் முழுவதும் மனத்தில் வைத்திருந்தவர் பேக்கர். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்களைக் குறுக்குவாட்டில் நிறுத்தி அடுக்குவதால் சுவரின் நடுவே காற்றிடைவெளி உண்டாகிறது. செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாவதோடு வெயிலும் உள்ளே எளிதில் இறங்குவதில்லை. கூரை கான்கிரீட்டின் அடிப்பகுதியில் அதிக வேலையில்லாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமென்டைக் குறைக்கும் முறையும் அப்படித்தான். விடிகாலைப் பேருந்தில் எல்லை ஊரான களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகும் நம் கொத்தனார்களில் இந்தக் கட்டு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே போட்டுவிட்டு வரும் சுவரை இங்கே போட முடியாததற்கு, மதிப்பீடு தயாரிக்கும்போது அந்த வேலைக்கு விலைவிகிதம் இல்லை என்று சொல்லிவிடுவதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அழுத்திய மண் கட்டிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 1725ஆம் எண் தரநிலை பல்லாண்டுகளாகவே இருக்கிறது. நம் மேற்குப் பகுதிகளில் செம்பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் வெட்டுக்கல்லும் கிடைக்கிறது. இத்தனையும் இருக்க, நம் மலைகளை உடைத்து ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டாரஸ் லாரிகளில் ஏற்றி எல்லை தாண்டி அனுப்பிவிட்டு, அதே ஜல்லியைப் படகிலும் தலைச்சுமையிலும் தச்சமலைக்கு ஏற்றுகிறோம். அந்த ஏற்றுக்கூலியைப் பயனாளிதான் கடன் வாங்கிக் கொடுக்கிறார்.

பத்மநாபபுரம் அரண்மனையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டு மண்ணில், கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் அந்த மாளிகைக்கு விடுமுறை நாள்களில் கூட்டம் அலைமோதுகிறது. தாய்க்கொட்டாரத்தின் மரவேலையையும், கண்ணாடிபோல் முகம் தெரியும் கருந்தரையையும், தாழ இறங்கிய இறவாரத்தையும், வெயிலை மறைத்துக் காற்றை விடும் மர அழிகளையும் பார்த்து வியக்கிறார்கள். வியந்துவிட்டு வெளியே வந்தால், நாலு பக்கமும் வெயிலுக்கு மார்பு காட்டி நிற்கும் வீடுகளைத்தான் சாலை நெடுகப் பார்க்க முடிகிறது. அரண்மனையின் இறவாரம் ஏன் அவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது விளக்கினால் நல்லது. இது கிளைப்பேச்சு, விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

காணி மக்களிடம் கேட்டு நடந்ததற்கு நம் எல்லையிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்கு ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்களுக்குக் களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டியவர்கள் கேரளப் பக்கத்துக் காணிகள். அதிலிருந்து பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் மருந்து உருவாக்கி, உரிமத்தொகையிலும் ஆதாயப் பங்கிலும் பாதியை அச்சமூகத்துக்கு வழங்க முன்வந்தது. அதற்கென்று 1997இல் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. பிற்பாடு அதில் பல சிக்கல்கள் எழுந்தது உண்மை. என்றாலும், செடியைப் பற்றிய அறிவு அவர்களுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது பெரிய காரியம். மூங்கிலை எந்தப் பருவத்தில் வெட்டினால் பூச்சி அரிக்காது, சரிவில் எந்தப் பக்கம் வாசல் வைத்தால் சாரல் அடிக்காது, யானைத்தடத்திலிருந்து வீடு எவ்வளவு விலக வேண்டும் என்ற அறிவும் அவர்களுடையதே. அதை யாரும் எழுதி வாங்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவன மகசூல் என்று தெளிவாகவே வகைப்படுத்தியிருந்தும், சொந்த வீட்டுக்கு மூங்கில் வெட்டுவதற்கு இன்றும் தயங்கித் தயங்கி அனுமதி கேட்கும் நிலைதான் இருக்கிறது.

அரிசோனாப் பேராசிரியரைப் போல ஒருவர் இங்கே வர வேண்டும் என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் கட்டடக்கலை மாணவர்கள் ஆண்டுதோறும் களப்பயணம் போகிறார்கள். பத்மநாபபுரத்தை அளந்து வரைவது அவர்களுக்குப் பிடித்த பயிற்சி. ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு பருவமாவது ஒரு காணிக் குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியையும் பெண்களையும் கேட்டு, அவர்கள் சொல்லும் வீட்டை வரைந்து, அதற்கு மதிப்பீடும் போட்டு ஊராட்சியிடம் ஒப்படைக்கும் வேலையைப் பாடமாக வைத்தால், கல்லூரிக்கும் நல்லது, ஊராட்சிக்கும் செலவில்லாமல் ஒரு தொழில்நுட்ப அறிக்கை கிடைக்கும். பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலில் எலிப்பொறிக் கட்டு, வெட்டுக்கல் சுவர், ஓடு பதித்த கூரை, மூங்கில் பதப்படுத்தல் ஆகியவற்றைச் சேர்ப்பது அதிகாரிகள் மனம்வைத்தால் முடிகிற காரியம். பட்டியலில் இல்லாத வேலைக்குக் கையெழுத்திடும் துணிச்சலை இளநிலைப் பொறியாளரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மாவட்ட நிர்வாகத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இன்னும் சிறியது. மலைக் குடியிருப்புகளை உள்ளடக்கிய ஊராட்சிகளின் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வீட்டு வரைபடத்தைத் தாளில் காட்டிக் கைதூக்கச் சொல்ல வேண்டாம். தாளில் இருக்கும் கோட்டைப் பார்த்து அறையின் அளவை உணர்வது படித்தவர்களுக்கே கடினம். படகு ஏறி அந்தக் குடியிருப்புக்கே போய், ஒரு சமதரையில் 360 சதுர அடி வீட்டை முழு அளவில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்து காட்ட வேண்டும். வாசல், ஜன்னல், அடுப்பு, பரண் எங்கே வர வேண்டும் என்று குடும்பத்துப் பெண்கள் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்துச் சொல்லட்டும், சொல்லும்படி கோட்டை அழித்து மாற்றி வரையட்டும். மாற்றிய கோட்டை ஓவர்சியர் அளந்து குறித்துக்கொண்டு, அதையே ஒப்புதலுக்கு அனுப்பலாம். ஒரு குடியிருப்புக்கு ஒரு பகலும் அரை மூட்டைச் சுண்ணாம்பும் போதும். எந்தெந்த ஊராட்சிகளில் இது நடக்கிறது என்பதைத் தங்கள் நிருபர்கள் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.